காயாத தரை

அன்றைக்கு நான் பதித்த வரிசை கோணிக்கொண்டு போனது. சின்னக் குளியலறை. கண்ணை மூடிக்கொண்டு டைல்ஸ் பதிக்கக்கூடிய இடம். நான்காவது வரிசை முடித்து எழுந்து நின்று பார்த்தால், இரண்டு டைல்ஸுக்கு இடையில் ஓடுகிற கோடு நடுவில் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கிறது. முப்பத்திரண்டு வருஷமாக இதே வேலை எனக்கு. என் கோடு வளைந்ததாக இதுவரை ஒரு வீட்டுக்காரரும் சொன்னதில்லை. கூட வேலை செய்தவர்கள் எனக்கு வைத்த பெயரே ரசமட்டம். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கட்டை வைத்திருப்போம், அதில் சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடும். அதுதான் ரசமட்டம். என் மனைவி மட்டும் அந்தப் பெயரை நம்பவில்லை. “தரைக்குத்தான் மட்டம் பார்ப்பார், மனுஷனுக்குப் பார்க்க மாட்டார்” என்பாள்.

கோபத்தில் அந்த வரிசையைப் பெயர்த்தேன். கலவையைச் சுரண்டிவிட்டு மறுபடி பதித்தேன். மறுபடியும் வயிறு தள்ளியது. மறுபடி பெயர்த்தேன். மூன்றாவது தடவை உளியை வைத்தபோது வீட்டுக்காரர் வந்துவிட்டார். அவர் கணக்கு வாத்தியார். என் நூலை எடுத்து ஒரு முனையை என் கையில் கொடுத்து, மறுமுனையை எதிர்ச்சுவரோரம் பிடித்து விறைப்பாக இழுத்தார்.

“நூல் நேரா இருக்கா, மேஸ்திரி?”

இழுத்துப் பிடித்த நூல் வளையாது. அது எனக்குத் தெரியும். ஆனால் வளைந்திருந்தது.

“நூலும் வளைஞ்சுதான் இருக்கு” என்றேன்.

அவர் நூலைக் கீழே விட்டார். “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உங்களுக்கு ஆடத் தெரியும். அதனாலதான் பயமா இருக்கு. முதல்ல கண்ணைக் காட்டுங்க.”

யோசித்துப் பார்த்தால் அதற்கு ஒரு வாரம் முன்பே ஆரம்பித்திருந்தது. இடது கண்ணில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள் மிதந்தன. சிமெண்ட் தூசி என்று கழுவினேன். சாயங்காலம் கண்ணோரத்தில் மின்னல் வெட்டியது. டைல்ஸ் அறுக்கிற மெஷின் பொறி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது என்று நினைத்தேன். அப்புறம் மூக்குப் பக்கமிருந்து ஒரு கறுப்புத் திரை மெல்ல ஏறி வந்தது. அதற்கும் கழுவினேன். வீட்டில் ஒரு ஆள் இருந்தால் “ஏன் சும்மா கண்ணையே கசக்கிட்டிருக்கீங்க?” என்று ஒரு குரலாவது வந்திருக்கும். என் வீட்டில் குழாய் சொட்டுகிற சத்தம்தான் வரும்.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு விளக்கைப் போட்டுவிட்டு எனக்கு நேராக நாற்காலியைத் திருப்பினார்.

“விழித்திரை பிரிஞ்சிருக்கு ஐயா. திரையில ஒரு கிழிசல். கண்ணுக்குள்ள இருக்கிற நீர் அது வழியா பின்னாடி போயிருக்கு. போய், திரையைச் சுவர்லேருந்து தூக்கியிருக்கு. அதான் கோடெல்லாம் வளையுது.”

“டைல்ஸ்ல விரிசல் விட்டா தண்ணி அடியில இறங்கும். டைல்ஸ் தூக்கிக்கும். அதானே?”

“அதேதான்!”

“அப்ப அடியில இருக்கிற தண்ணிய எடுக்கணும். விரிசலை அடைக்கணும். ஒட்டுற வரைக்கும் மேல பாரம் வைக்கணும்.”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “எனக்கு வேலையே வைக்க மாட்டேங்கறீங்களே. தண்ணிய எடுத்துட்டு, கிழிசலைச் சுத்தி லேசர் போடுவோம். பாரத்துக்கு ஒரு வாயுவை கண்ணுக்குள்ள நிரப்புவோம். அது குமிழி மாதிரி மேல மேல போகும். நீங்க குப்புறப் படுத்தாத்தான் அது கண்ணோட பின்சுவரை அழுத்திப் பிடிக்கும். பத்து நாள் குப்புற. மணிக்குப் பத்து நிமிஷம் நிமிரலாம், சாப்பிட, மருந்து விட. அவ்வளவுதான்.”

“நிமிர்ந்தா?”

“காயாத தரையில யாரையாவது நடக்க விடுவீங்களா?”

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் வலது கண் இருபது வருஷத்துக்கு முன்னால் சுண்ணாம்பு தெறித்துப் போன கண். அதில் நிறமும் நிழலும் தெரியும், அவ்வளவுதான். இடதும் போனால் நான் வேலை செய்ய முடியாது என்பது இரண்டாவது. தனியாக இருக்கிறவன், அடுப்பைக்கூடத் தடவித்தான் பற்ற வைக்க வேண்டும். அதுதான் முதலாவது.

நர்ஸ் படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டார். “கூட யாரு?”

“மக இருக்கா. வெளியூர்” என்று மகளின் நம்பரைச் சொன்னேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அது. அந்த நம்பரை நான் கூப்பிட்டு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதை நர்ஸிடம் சொல்லவில்லை.

“கையெழுத்துப் போட ஆள் வேணும். இங்க, இப்ப.”

எங்கள் மாடியில் பேக்கரியில் வேலை பார்க்கிற ஒருவர் குடியிருக்கிறார். ஆறு வருஷமாக எங்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை எல்லாம் தண்ணீர்த் தொட்டி யார் நிரப்புவது என்கிற சண்டை மட்டும்தான். அவரைத்தான் கூப்பிட்டேன். மாவு படிந்த சட்டையோடு வந்து, உறவு என்கிற இடத்தில் ‘தம்பி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“இனிமே தொட்டி நீங்கதான் நிரப்பணும், அண்ணே” என்றார்.

ஆபரேஷன் முடியும்வரை விழித்துக்கொண்டுதான் இருந்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்துவிட்டு, முகத்தை மூடிவிட்டார்கள். தையல் மெஷின் மாதிரி ஒரு சின்ன சத்தம். வெளிச்சத்துக்குள் மெல்லிய குச்சி ஒன்றின் நிழல் போய்ப் போய் வந்தது. என் கண்ணுக்குள்ளேயே ஒருத்தர் நின்றுகொண்டு பெருக்குகிற மாதிரி இருந்தது. “தண்ணி வடியுது... திரை படியுது” என்று டாக்டரம்மா யாரிடமோ சொல்வது கேட்டது.

“மட்டமா இருக்கா?” என்று கேட்டேன்.

“பேசாதீங்க ஐயா, தலை ஆடுது!”

ஒரு நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆடாமல் இருப்பதற்காகத்தான் பிடித்தார், எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு மனிதக் கை என் கையை அவ்வளவு நேரம் பிடித்து எத்தனையோ நாளாகியிருந்தது. லேசர் முடிந்து, வாயு நிரப்பி, கட்டுப் போட்டதும் அந்தக் கை போய்விட்டது. அது மட்டும் இன்னும் கொஞ்சம் நேரம் இருந்திருக்கலாம்.

குப்புறப் படுப்பது எனக்குக் கஷ்டமாக இருக்காது என்று நினைத்திருந்தேன். முப்பத்திரண்டு வருஷமாக மண்டி போட்டுத் தரையையே பார்த்துப் பிழைத்தவன். கூடத்தில் இரண்டு முக்காலிகளைப் போட்டு, மேலே இரண்டு பலகைகளை வைத்து, முகத்துக்கு மட்டும் இடைவெளி விட்டு மெத்தை விரிக்கச் சொன்னேன். பேக்கரித் தம்பி எல்லாவற்றையும் செய்து கொடுத்தார். அந்த இடைவெளி வழியாகக் கீழே பார்த்த பிறகுதான், பத்து நாளும் எதைப் பார்த்துக்கொண்டு படுக்கப் போகிறேன் என்பது உறைத்தது.

அது நான் பதித்த தரை.

இருபது வருஷமாகக் கேட்டாள் என் மனைவி. “ஊரார் வீட்டுத் தரையில முகம் பார்க்கலாம். நம்ம வீட்டுல சிமெண்ட் தூள்தான் பறக்குது.” நாளைக்கு நாளைக்கு என்று தள்ளி, மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருவழியாகப் பதித்தேன். கூடம் முடிந்த அன்று சாயங்காலம், வாசலில் உட்கார்ந்து கொத்துக் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். மனைவி உள்ளே அடுப்படியில் இருந்தாள். அடுப்படிக்குப் போகக் கூடத்தைத் தாண்ட வேண்டும், இல்லையென்றால் வீட்டைச் சுற்றிப் பின்கட்டு வழியாகப் போக வேண்டும். மருந்துக்கடை வேலை முடிந்து மகள் அப்போதுதான் வந்தாள். உள்ளே பாத்திரம் விழுந்தது. பின்னாலேயே ஏதோ முனகல் மாதிரி ஒரு சத்தம். மகள் “அம்மா!” என்று ஓடி வாசற்படியில் காலைத் தூக்கினாள்.

“மிதிக்காதே! சுத்திப் போ!”

அதைக் கத்தியது நான்தான். யோசித்துக் கத்தவில்லை. வருஷக்கணக்காக எத்தனையோ வீட்டு வாசலில் எத்தனையோ பேரைப் பார்த்துக் கத்திய வாய், தானாகத் திறந்துகொண்டது. தவளையும் தன் வாயால்தானே கெடும்.

சின்ன வயதிலிருந்து என்னோடு வேலை இடத்துக்கு வந்து வளர்ந்த பெண். தூக்கிய காலை அப்படியே பின்னால் எடுத்துச் சுற்றி ஓடினாள். பின்கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. கதவைக் கையால் அடித்து அடித்துக் கத்தினாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்போதாவது ஓடினேனா? இல்லை. தரைமேல் ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் நடந்து போய்க் கதவைத் திறந்தேன். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கதவு திறந்ததும் என் பின்னால் கிடந்த பலகையை அவள் பார்த்துவிட்டாள்.

மாரடைப்பு. முன்னாலேயே வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எங்களுக்காக அப்படிச் சொன்னார்களோ என்னவோ. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று மகள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“தரைக்கு ஒண்ணும் ஆகலையேப்பா?”

அதற்குப் பிறகு ஒரு மாதம் இந்த வீட்டில் இருந்தாள். அந்த ஒரு மாதமும் கூடத்தின் நடுவில் அவள் கால் வைக்கவில்லை. ஒரு கையைச் சுவரில் வைத்துத் தேய்த்துக்கொண்டு, ஓரமாகவே நடந்து போவாள், ஓரமாகவே வருவாள். பிறகு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது என்று போய்விட்டாள். முதலில் மாதம் ஒரு போன் வந்தது. அப்புறம் அதுவும் நின்றது.

முதல் மூன்று நாள் வலது கண்ணின் மங்கலில் அந்தத் தரையையே பார்த்துக் கிடந்தேன். நாலாவது நாள் கையைக் கீழே விட்டு விரல் முட்டியால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிப் பார்த்தேன். அடியில் வெற்றிடம் இருந்தால் டொப்பென்று சத்தம் வரும். கை எட்டிய தூரம்வரை எல்லாம் கெட்டியாக ணங்கென்றது. ஒன்றாவது பெயர்ந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. என் வாழ்க்கையிலேயே நான் பதித்த நல்ல தரை இதுதான். இதைப் பார்க்க எனக்கு வெறுப்பாக இருந்தது.

பேக்கரித் தம்பி காலையில் வேலை முடிந்து வரும்போது ரொட்டியும் பாலும் கொண்டு வருவார். சாயங்காலம் போகிறபோது கஞ்சி வைத்துவிட்டுக் கண்ணில் மருந்து விடுவார். குப்புறக் கிடக்கிற எனக்கு அவர் முகம் கண்ணில் படாது. வெள்ளை மாவு படிந்த இரண்டு செருப்புதான் அவர். அந்தச் செருப்பு போன பிறகு மறுபடி வருகிறவரை வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. நான் தட்டினால் தரை பதில் சொல்லும். அவ்வளவுதான் துணை.

ஐந்தாம் நாள் கண்ணில் ஒரு கோடு தெரிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தால் பார்வையின் மேல்பக்கம் குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே கொஞ்சம் வெளிச்சம், உருவம். கீழே எல்லாம் தளும்பல். வாயு கரையக் கரைய அந்த இடத்தில் நீர் ஊறும், கோடு கீழே இறங்கிக்கொண்டே வரும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். தலையை இப்படிச் சாய்த்தேன், அப்படிச் சாய்த்தேன். நான் எப்படிச் சாய்ந்தாலும் கோடு சாயவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. என் கண்ணுக்குள் ஒரு ரசமட்டத்தை வைத்துத் தைத்திருக்கிறார்கள்!

சின்னப் பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது எனக்கு. கோட்டை வாசல் நிலைக்கு நேராக வைத்துப் பார்த்தேன். நிலை இடது பக்கம் ஒரு நூல் அளவு இறங்கியிருந்தது. இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் போயிற்றே! ஜன்னல் கட்டையைப் பார்த்தேன். அலமாரியைப் பார்த்தேன். எழுந்து அடுப்படி மேடைக்குப் போனேன். பேக்கரித் தம்பி உள்ளே வந்தபோது நான் நிமிர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

“என்னண்ணே பண்றீங்க?”

“நிலை கோணல். பாருங்க தம்பி, கொத்தன் ஏமாத்திட்டான்.”

அவர் என் பிடரியில் கை வைத்து அழுத்தாத குறையாகப் படுக்க வைத்தார். “காயற வரைக்கும் மிதிக்கக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றது யாரு? ஊருக்குத்தான் உபதேசமா?”

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. “நடுப்பகுதியில ஒரு ஓரம் இன்னும் ஒட்டல. அடியில கொஞ்சம் நீர் நிக்குது. இனி நாலு நாள் மணிக்குப் பத்து நிமிஷமும் கிடையாது. சாப்பாடும் குப்புறத்தான். தலையைத் தூக்காதீங்க, எதுக்காகவும். இது ஒட்டினா நூல் நேராத் தெரியும். ஒட்டலைன்னா மறுபடி ஆபரேஷன் பண்ணணும், அதுக்கு என்னால உறுதி சொல்ல முடியாது.” பிறகு நர்ஸைப் பார்த்து, “வீட்டுல ஒருத்தரும் பார்த்துக்கலையா இவரை?” என்று கேட்டார். நர்ஸ் படிவத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். அதற்குப் பிறகு நான் அசையவில்லை. பாலை உறிஞ்சுகுழாயால் குடித்தேன். கழுத்து இரும்பாக இறுகியது. மூக்கு ஒழுகியது. அந்த ஒரு ஓரம் ஒட்ட வேண்டும், ஒட்ட வேண்டும் என்று ராத்திரியும் பகலும் அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

ஏழாம் நாள் மத்தியானம் வாசல் கதவு திறந்தது. தம்பி அந்த நேரத்தில் வரமாட்டார், மேலே தூங்கிக்கொண்டிருப்பார். செருப்பைக் கழற்றுகிற சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. யாரோ வாசற்படியிலேயே நிற்கிறார்கள்.

“யாரு?”

ஒரு கை சுவரில் தேய்கிற சத்தம் வந்தது. சுவரோரமாக, மெதுவாக, அடுப்படிப் பக்கம் நகர்ந்தது.

இந்த உலகத்தில் என் வீட்டுக் கூடத்தை அப்படிக் கடக்கிற ஆள் ஒருத்திதான். மூன்று வருஷமாகப் பார்க்காத முகம் பத்தடி தூரத்தில் இருக்கிறது. என் தலை என்னைக் கேட்காமல் மெத்தையிலிருந்து எழும்பியது.

“நிமிராதீங்க!”

அவள் கத்திய கத்தலில் வீடே அதிர்ந்தது. அது அப்படியே என் குரல். அன்றைக்கு இதே வாசலில் நான் கத்திய அதே கத்தல். தூக்கிய தலையை, அவள் அன்று தூக்கிய காலைப் பின்னால் எடுத்த மாதிரி, அப்படியே கீழே வைத்தேன்.

அவள் என் பக்கம் வரவில்லை, சுவரோரமாகவே நின்றாள்.

“ஆஸ்பத்திரியிலேருந்து போன் பண்ணித் திட்டுறாங்க” என்றாள். “உங்கப்பாவ ஏன் பார்த்துக்கலைன்னு. எனக்கு ஆபரேஷன் நடந்ததே தெரியாதுன்னு எப்படிச் சொல்றது? வெக்கமா இருந்துச்சு. சொல்லியிருக்கலாமேப்பா.”

“சொன்னா வந்திருப்ப.”

“வந்தா என்ன?”

“வந்து, இப்படிச் சுவரோரமா நடப்ப.”

எனக்கு முகத்தைக் காட்ட வழியில்லை. அதனாலோ என்னவோ, மூன்று வருஷமாக வராத வார்த்தை தரையைப் பார்த்துச் சுலபமாக வந்தது.

“அன்னைக்கு நான் உன்னை ஓட விட்டிருக்கணும். நானும் ஓடியிருக்கணும். பலகை போட்டு நடந்தேன்மா நான். உங்கம்மா உள்ள கிடக்கிறப்ப, பலகை போட்டு நடந்தேன். அந்தப் பலகையிலதான் இப்ப படுத்திருக்கேன். என்னை மன்னிக்கணும்னு சொல்லல. சுத்திப் போகாத, அவ்வளவுதான். நேரா வா. மிதிச்சு வா.”

எத்தனை நேரம் என்று தெரியாது. சுவரிலிருந்து கை எடுபடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு வெறும் கால் டைல்ஸ்மேல் வைக்கிற சத்தம். ஒன்று. இன்னொன்று. கூடத்தின் நடுவில், நேராக. என் பார்வையின் ஓரத்தில் இரண்டு பாதங்கள் மங்கலாக வந்து நின்றன. அவள் அம்மாவின் பாதம் மாதிரியே அகலமான பாதம்.

அந்தப் பாதங்கள் மடங்கின. அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் தரையில் மல்லாந்து படுத்து, முதுகாலேயே நகர்ந்து நகர்ந்து பலகைக்குக் கீழே வந்தாள். நான் முகம் வைத்திருந்த இடைவெளிக்கு நேர் கீழே, கழுத்தைத் தூக்கி, ஒரு சாண் தூரத்துக்குத் தன் முகத்தைக் கொண்டுவந்தாள். வாயு நிரம்பிய கண்ணுக்குத் தூரத்தில் எதுவும் தெரியாது. மூக்குக்குக் கிட்டே வந்தால் மட்டும் தெரியும். தெரிந்தது. வகிட்டில் நாலைந்து நரை. கண்ணுக்குக் கீழே கருவளையம். மூன்று வருஷத்தில் என் மகளுக்கு வயசாகியிருந்தது, யாரும் என்னிடம் சொல்லவில்லை.

“தெரியுதா?” என்றாள்.

“தெரியுது.”

“கோணலா தெரியுதா?”

“இல்ல” என்றேன். கொஞ்சம் கோணலாகத்தான் தெரிந்தது.

அவள் தலையை மெல்லத் தரையில் சாய்த்துக்கொண்டாள். முகம் மறுபடி மங்கலாகிவிட்டது. உள்ளங்கையால் டைல்ஸைத் தடவுகிற சத்தம் கேட்டது.

“எவ்வளவு நாள் இருப்ப?” என்று கேட்டேன்.

“லீவு சொல்லிட்டு வந்திருக்கேன். நீங்க நிமிர்ற வரைக்கும்.”

அதற்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. நாலாம் நாள் காலையில் அவள் கிளம்பிவிடுவாள். பிறகு மறுபடி குழாய் சொட்டுகிற சத்தம்தான். அந்த ஓரம் ஒட்ட வேண்டும் என்று முந்தின நாளிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தவன் நான். ஒட்டட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, இது மெதுவாகக் காயட்டும் என்று நினைத்தேன்.